பூச்சி எதிர்ப்புப் பயிர் வகைகள்

பூச்சி எதிர்ப்புப் பயிர் வகைகள் என்பன, தம்மைத் தாக்கும் பூச்சிகளை மரபுவழி இயல்பினாலேயே விலக்கவோ, நலிவுறச் செய்யவோ, அவற்றால் ஏற்படும் சேதத்தைத் தாங்கி விளைச்சல் தரவோ வல்ல பயிர் வகைகள் ஆகும். இவை இயற்கையாகவே உழவரின் வயலில் இருந்திருக்கலாம். கலப்பினம் செய்து உருவாக்கப்பட்டிருக்கலாம். அல்லது வேறோர் உயிரின் மரபணுவைப் புகுத்திப் பெறப்பட்டிருக்கலாம். உணவுப் பயிர்கள், பருத்தி, காய்கறிகள், புல்தரைக்கான புல் வகைகள் ஆகிய அனைத்திலும் இத்தகைய வகைகள் உள்ளன.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இத்துறையின் வரலாறு பெரும்பாலும் நெல்லின் வரலாறே. அதிலும் புகையான் என்னும் சிறு பூச்சிக்கும் நெல் ஆய்வாளர்களுக்கும் இடையே அரை நூற்றாண்டாக நடந்துவரும் போட்டி, இத்துறையின் வெற்றிகளையும் வரம்புகளையும் ஒருங்கே காட்டுகிறது. எனவே இக்கட்டுரை நெல்லையே முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சி வட்டாரம் இதனை வயல் நிலையில் விளக்க உதவும் இடமாகும்.

தொடக்க வரலாறு

ஒரே பயிரின் சில வகைகளைப் பூச்சி அதிகம் தாக்குகிறது, சிலவற்றைத் தாக்குவதில்லை என்பதை உழவர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். எழுத்துப் பதிவுகளில் பழமையானவற்றுள் ஒன்று, 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் நியூயார்க் பகுதியில் கோதுமையைத் தாக்கிய எசியன் ஈயைப் பற்றியது. அண்டர்கில் என்ற கோதுமை வகை இந்த ஈயைத் தாங்கி நின்றது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களைப் பில்லொக்சேரா என்னும் வேர்ப்பூச்சி அழித்தபோது, அப்பூச்சியின் தாயகமான அமெரிக்காவின் திராட்சை வேர்த்தண்டுகளில் ஐரோப்பிய வகைகளை ஒட்டுக்கட்டி அத்தொழில் மீட்கப்பட்டது. பூச்சி மருந்தால் முடியாததை ஒட்டுக்கட்டுதல் சாதித்தது. ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பாலானவை இன்றும் அமெரிக்க வேரிலேயே நிற்கின்றன.

இவ்வறிவை ஒரு துறையாக ஒழுங்குபடுத்தியவர் அமெரிக்கப் பூச்சியியலாளர் ரெஜினால்ட் பெயின்டர் ஆவார். 1951 ஆம் ஆண்டில் வெளியான அவரது நூல் எதிர்ப்புத் திறனை மூன்றாகப் பிரித்தது. அப்பிரிவு சிறு மாற்றங்களுடன் இன்றும் வழக்கில் உள்ளது.

எதிர்ப்பு செயற்படும் முறை

முதலாவது விலக்கம். செடியின் நிறம், மணம், மேற்பரப்பு ஆகியவை பூச்சிக்கு ஒவ்வாதவையாக இருப்பதால் அது அங்கே தங்குவதில்லை, முட்டையிடுவதில்லை. இலையில் அடர்ந்த மயிர் உள்ள பருத்தி வகைகளைத் தத்துப்பூச்சி அதிகம் நாடுவதில்லை. ஆனால் அதே மயிர், காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி முட்டையிடுவதற்கு வசதியாகிவிடுகிறது. ஒரு பூச்சிக்கு மூடிய கதவு இன்னொன்றுக்குத் திறந்திருக்கும் என்பதால், எந்த வகையையும் "பூச்சி தாக்காதது" என்று பொதுவாகச் சொல்வது பிழையாகும். எந்தப் பூச்சிக்கு எதிர்ப்பு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டாவது உயிர்எதிர்ப்பு. பூச்சி செடியை உண்ணும். ஆனால் உண்டபின் வளராது, முட்டை குறையும், அல்லது இறந்துபோகும். செடியில் நச்சுப் பொருள் இருப்பதும், பூச்சிக்குத் தேவையான சத்து குறைந்திருப்பதும் இதற்குக் காரணமாகலாம். முட்கோ என்னும் இந்திய நெல் வகையின் சாற்றில் அசுபராசின் என்னும் அமினோ அமிலம் குறைவாக இருப்பது, புகையான் அதில் செழிக்காததற்கு ஒரு காரணமாக 1970 ஆம் ஆண்டளவில் முன்வைக்கப்பட்டது. சிலிக்கா மிகுந்த நெல் தண்டைக் குடையும் புழுக்களின் தாடைகள் தேய்ந்துபோவதும் கண்டறியப்பட்டுள்ளது.

மூன்றாவது தாங்குதிறன். பூச்சி பிற வகைகளில் பெருகுவது போலவே இதிலும் பெருகும். ஆயினும் செடி புதுத் தூர் விட்டோ, இலைகளைப் புதுப்பித்தோ விளைச்சலைக் காத்துக்கொள்ளும். இவ்வகை எதிர்ப்பு பூச்சியின் மீது எந்த நெருக்கடியையும் உண்டாக்குவதில்லை. ஆதலால் பூச்சி இதனை வெல்லும் வகையில் மாறுவதற்கும் தூண்டுதல் இல்லை. ஆய்வகத்தில் அளப்பது கடினம் என்பதால் இது நீண்டகாலம் புறக்கணிக்கப்பட்டது.

புகையான்

புகையான் என்பது நிலபர்வத்தா லூகன்ஸ் என்ற அறிவியல் பெயர் கொண்ட பழுப்பு நிறத் தத்துப்பூச்சி ஆகும். இது நெற்பயிரின் அடித்தண்டில், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சும். மேலிருந்து பார்ப்பவருக்கு வயல் பச்சையாகவே தெரியும். சில நாட்களில் வயலின் நடுவே வட்டவட்டமாகப் பயிர் மஞ்சளாகிக் காய்ந்து, தீயில் புகைந்தது போலக் காட்சியளிக்கும், அதனாலேயே இப்பெயர். வட்டங்கள் விரிந்து ஒன்றுசேர்ந்தால், கதிர் முற்றும் நிலையில் உள்ள வயல் முழுவதும் சாய்ந்துவிடும். புல் குட்டை, கந்தல் குட்டை ஆகிய நச்சுயிரி நோய்களையும் இப்பூச்சி பரப்புகிறது.

இப்பூச்சியில் நீள் சிறகுடையது, குறுஞ்சிறகுடையது என இரு வடிவங்கள் உண்டு. நீள் சிறகுப் பூச்சிகள் காற்றோடு நெடுந்தொலைவு பறந்து புதிய வயலை அடையும். அங்கே உணவு மிகுந்திருந்தால் அடுத்த தலைமுறையில் பறக்காத, ஆனால் மிகுதியாக முட்டையிடும் குறுஞ்சிறகுப் பூச்சிகள் தோன்றும்.

1960களுக்கு முன் இந்தியாவில் புகையான் ஒரு சிறு பூச்சியாகவே கருதப்பட்டது. 1966 ஆம் ஆண்டில் ஐ.ஆர். 8 வெளியான பின் நிலைமை மாறியது. குட்டையான, அடர்ந்து தூர் வெடிக்கும் வகைகள், மிகுந்த தழைச்சத்து உரம், ஆண்டு முழுவதும் தொடர் சாகுபடி ஆகிய மூன்றும் அப்பூச்சிக்கு ஏற்றவையாக அமைந்தன. 1973-74 ஆம் ஆண்டுகளில் கேரளத்தின் குட்டநாட்டில் புகையான் பெரும் சேதம் விளைவித்தது. அதே காலத்தில் பிலிப்பைன்சு, இந்தோனேசியா ஆகிய நாடுகளிலும் இது முதன்மைப் பூச்சியாக உருவெடுத்தது.

மருந்து தெளிப்பது பல இடங்களில் நிலைமையை மோசமாக்கியது. நெல் வயலில் உள்ள சிலந்திகளும், புகையானின் முட்டைகளை உறிஞ்சும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் மருந்தால் முதலில் மடிந்தன. தண்டுக்குள் செருகப்பட்ட புகையான் முட்டைகள் தப்பின. மருந்து அடித்த வயலில் பூச்சி முன்னினும் மிகுதியாகப் பெருகியது. இது மறுபெருக்கம் எனப்படும். இதனை உணர்ந்த இந்தோனேசிய அரசு 1986 ஆம் ஆண்டில் நெல்லுக்கு 57 பூச்சி மருந்துகளைத் தடை செய்தது.

தென்னிந்திய வகைகளின் பங்கு

புகையான் எதிர்ப்பு மரபணுக்களின் தொடக்க வரலாற்றில் தென்னிந்திய, இலங்கை நெல் வகைகளே முன் நிற்கின்றன. பிலிப்பைன்சில் உள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1960களின் இறுதியில் ஆயிரக்கணக்கான வகைகள் ஆராயப்பட்டபோது முட்கோ எதிர்ப்புடையதாகக் கண்டறியப்பட்டது. அதில் உள்ள மரபணு பி.பி.எச். 1 எனப் பெயரிடப்பட்டது. இரண்டாவது மரபணு ஏ.எஸ்.டி. 7 என்ற வகையில் கிடைத்தது. ஏ.எஸ்.டி. என்ற எழுத்துகள் திருநெல்வேலி மாவட்டம் அம்பாசமுத்திரத்தில் 1937 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையத்தைக் குறிப்பன. மூன்றாவதும் நான்காவதும் முறையே ரத்து ஈனட்டி, பாபாவி ஆகிய இலங்கை மரபு வகைகளில் கண்டறியப்பட்டன. மிக வலிமையான எதிர்ப்புடையதாக இன்றும் ஒப்பீட்டுக்குப் பயன்படும் பி.டி.பி. 33, அன்றைய சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பட்டாம்பி நிலையத்தின் தேர்வு ஆகும்.

இன்னொரு குறிப்பிடத்தக்க வகை டி.கே.எம். 6. இது இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் திரூர்குப்பம் நிலையத்தில், கோயம்புத்தூரின் புகழ்பெற்ற ஜி.இ.பி. 24 வகையையும் கோ. 18 வகையையும் கலந்து உருவாக்கப்பட்டது. தண்டுத்துளைப்பானை ஓரளவு தாங்கும் இயல்பே இதன் சிறப்பு. 1969 ஆம் ஆண்டில் வெளியாகித் தமிழ்நாட்டு வயல்களில் பல ஆண்டுகள் நிலைத்த ஐ.ஆர். 20 இதன் வழி வந்தது. ஐ.ஆர். 26 வகையின் பெற்றோரும் இதுவே. இதில் ஒரு வியப்பு உண்டு. டி.கே.எம். 6 தானே புகையானுக்கு எளிதில் இரையாகும் வகை. எனினும் அதன் வழித்தோன்றலான ஐ.ஆர். 26 எதிர்ப்புடன் வெளிப்பட்டது. பி.பி.எச். 1 மரபணு தாயினத்தில் வேறொரு மரபணுவால் அடக்கப்பட்டிருந்ததே இதற்குக் கொடுக்கப்பட்ட விளக்கம்.

ஆனைக்கொம்பன் ஈக்கும் இவ்வாறே வகைகள் உருவாயின. இந்த ஈயின் புழு குருத்தைத் தாக்கினால் தூர் கதிர் விடாமல் வெங்காய இலை போன்ற வெண்ணிறக் குழலாக மாறிவிடும். ஆந்திரப் பகுதியின் ஈசுவரகோரா என்னும் மரபு வகையின் எதிர்ப்பு, வாரங்கல் நிலையத்தின் டபிள்யூ. 1263 வழியாக மதுரையின் எம்.டி.யூ. 3 வகைக்கு வந்து சேர்ந்தது.

எதிர்ப்பைச் சோதிக்கும் முறை

எதிர்ப்புத் திறனைக் கண்டறியப் பெரிய கருவிகள் தேவையில்லை. தகரத் தட்டில் மண் நிரப்பி, ஆராய வேண்டிய வகைகளை வரிசைக்கு ஒன்றாக விதைப்பர். இடையே தைச்சுங் நேட்டிவ் 1 என்ற தைவான் வகையை ஒரு வரிசையும் பி.டி.பி. 33 வகையை ஒரு வரிசையும் விதைப்பர். முன்னது எளிதில் மடிவது. பின்னது நிலைத்து நிற்பது. நாற்று சிறிதாக இருக்கும்போதே புகையான் குஞ்சுகளை அதன்மேல் விடுவர். தைச்சுங் வரிசை ஏறக்குறைய முழுதும் காய்ந்த நாளில் மற்ற வரிசைகளைப் பார்த்து 0 முதல் 9 வரை மதிப்பெண் தருவர். சேதமற்றது 0, மடிந்தது 9.

பூச்சி எவ்வளவு உண்டது என்பதை அளக்கும் சோதனை இன்னும் சுவையானது. சாறுண்ணும் பூச்சி தேன்கழிவு என்னும் இனிப்பு நீரை வெளியேற்றும். செடியின் அடியில் புரோமோகிரிசால் பச்சை என்ற சாயம் தோய்த்த வடிதாளை வைத்தால், தேன்கழிவு விழுந்த இடம் நீலமாகும். நீலப்புள்ளிகளின் பரப்பு பெரிதாயின் பூச்சி விருந்துண்டிருக்கிறது. சிறிதாயின் பட்டினி கிடந்திருக்கிறது. பள்ளி ஆய்வகத்திலும் இதன் கருத்தை மாணவர்களுக்கு எளிதில் விளக்கலாம்.

எதிர்ப்பு முறிதல்

ஐ.ஆர். 26 1973 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. பிலிப்பைன்சு, இந்தோனேசியா, வியட்நாம் ஆகிய நாடுகளில் வேகமாகப் பரவியது. சில ஆண்டுகளுக்குள் அதே வயல்களில் புகையான் மீண்டும் தோன்றியது. அவ்வகையில் வாழ வல்ல பூச்சிகள் மட்டும் பிழைத்துப் பெருகியமையே காரணம். இவ்வாறு மாறிய பூச்சிக் கூட்டம் உயிர்வகை எனப்படுகிறது. 1976 ஆம் ஆண்டில், பஞ்சாபில் பிறந்த மரபியலாளர் குர்தேவ் சிங் குஷ் தலைமையில் உருவான ஐ.ஆர். 36 வெளியானது. இதில் இருந்தது இரண்டாவது மரபணு. 1980களில் இது உலகில் மிகுந்த பரப்பில் பயிரான நெல் வகையாக விளங்கியது. பின்னர் அதற்கும் சில பகுதிகளில் பூச்சி பழகியது. அடுத்து மூன்றாவது மரபணு உடைய ஐ.ஆர். 56, ஐ.ஆர். 60 ஆகியவை வந்தன.

தென்னாசியாவின் நிலை வேறு. இங்குள்ள புகையான் கூட்டம், முதல் இரண்டு மரபணுக்களையும் பொருட்படுத்துவதில்லை. அம்பாசமுத்திரத்தில் தோன்றிய ஏ.எஸ்.டி. 7 தென்கிழக்காசிய வயல்களைக் காத்த காலத்தில், தான் பிறந்த நாட்டின் புகையானுக்கு எதிராகப் பயனற்றிருந்தது. பி.டி.பி. 33, ரத்து ஈனட்டி ஆகியவையே இங்கு நிலைத்தன. ஓரிடத்தில் எதிர்ப்புடையது என அறிவிக்கப்பட்ட வகையை வேறிடத்தில் சோதிக்காமல் பரிந்துரைப்பது ஏன் தவறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

ஒரே பெரிய மரபணுவை நம்பிய எதிர்ப்பு விரைவில் முறிகிறது. பல சிறு மரபணுக்களின் கூட்டால் அமையும் மிதமான எதிர்ப்பு நெடுநாள் நிற்கிறது. 1985 ஆம் ஆண்டில் வெளியான ஐ.ஆர். 64 வகையில் இருப்பது பழைய முதல் மரபணுவே. ஆயினும் அதனுடன் சேர்ந்த பிற சிறு இயல்புகளால் அது ஐ.ஆர். 26 ஐ விட நெடுங்காலம் தாக்குப்பிடித்தது. இப்போது நாற்பதுக்கும் மேற்பட்ட புகையான் எதிர்ப்பு மரபணு இடங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் பி.பி.எச். 14, 2009 ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. டி.என்.ஏ. குறிப்பான்களின் துணையால் இரண்டு மூன்று மரபணுக்களை ஒரே வகையில் அடுக்குவதே தற்போதைய வழிமுறை.

மரபணு மாற்றம்

பாசில்லசு துரிஞ்சியென்சிசு என்னும் மண் நுண்ணுயிரி சுருக்கமாக பி.டி. எனப்படும். 1901 ஆம் ஆண்டில் சப்பானில் நோயுற்ற பட்டுப்புழுக்களிலும், 1911 ஆம் ஆண்டில் செருமனியின் துரிஞ்சியா பகுதியிலும் இது கண்டறியப்பட்டது. இது உண்டாக்கும் படிகப் புரதம், காரத்தன்மையுள்ள புழுவின் குடலில் கரைந்து, குடற்சுவரில் துளையிட்டுப் புழுவைக் கொல்கிறது. இப்புரதத்துக்குரிய மரபணுவைப் பயிரில் புகுத்தினால் பயிரே அப்புரதத்தை உண்டாக்கும்.

இந்தியாவில் பி.டி. பருத்திக்கு 2002 ஆம் ஆண்டு மார்ச்சில் அனுமதி வழங்கப்பட்டது. பச்சைக் காய்ப்புழுவின் தாக்குதல் பெரிதும் குறைந்தது. ஆனால் இளஞ்சிவப்புக் காய்ப்புழு இதனை வென்றது. குசராத்தில் முதல் தலைமுறை பி.டி. பருத்திக்கு அது பழகிவிட்டமை 2010 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. பின்னர் இரு மரபணு உடைய வகைக்கும் அதே நிலை ஏற்பட்டது. பி.டி. அல்லாத பருத்தியை வயலின் ஓரத்தில் வளர்த்து, பழகாத பூச்சிகளைப் பேணும் புகலிட முறை விதிக்கப்பட்டிருந்தும் பெரும்பாலும் பின்பற்றப்படவில்லை. ஐ.ஆர். 26 இன் கதையே இங்கு வேறு வடிவில் நிகழ்ந்தது.

பி.டி. கத்தரியில் தமிழ்நாட்டுக்கு நேரடித் தொடர்பு உண்டு. தண்டு, காய்த்துளைப்பானுக்கு எதிரான மரபணுவைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ. 2, எம்.டி.யூ. 1, கே.கே.எம். 1, பி.எல்.ஆர். 1 ஆகிய உள்ளூர் வகைகளில் சேர்த்தது. கடைசியாகச் சொன்னது கடலூர் மாவட்டம் பாலூர் நிலையத்தின் வகை. 2009 ஆம் ஆண்டு அக்டோபரில் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு பி.டி. கத்தரிக்கு ஒப்புதல் அளித்தது. ஏழு நகரங்களில் நடந்த மக்கள் கருத்துக் கேட்புக்குப் பின், 2010 பெப்ரவரி 9 அன்று அன்றைய நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சர் செயராம் ரமேசு அதனை நிறுத்தி வைத்தார். வங்காளதேசம் 2013 ஆம் ஆண்டில் அதே மரபணு கொண்ட கத்தரிக்கு அனுமதி அளித்தது.

பருத்தியிலும் கத்தரியிலும் பயன்படும் பி.டி. புரதங்கள் புழுக்களையே கொல்லும். சாறு உறிஞ்சும் புகையானை அவை ஒன்றும் செய்வதில்லை. எனவே நெல்லில் தண்டுத்துளைப்பானுக்கு பி.டி. ஒரு வழியாகலாம். புகையானுக்கு இன்றளவும் கலப்பினமே வழி.

புல் வகைகள்

விளையாட்டுத் திடல்களிலும் பூங்காக்களிலும் வளர்க்கும் புல்லுக்கு விளைச்சல் கணக்கு இல்லை, தோற்றமே கணக்கு. அமெரிக்காவின் புளோரிடா, டெக்சாசு நிலையங்கள் 1973 ஆம் ஆண்டில் வெளியிட்ட புளோராடாம் என்ற புல், தென்பகுதிச் சாறுண்ணி நாவாய்ப்பூச்சியைத் தாங்கியது. 1980களில் அப்பூச்சி இதற்கும் பழகியது. ரை புல்லிலும் பெசுக்கு புல்லிலும் வேறொரு முறை கையாளப்படுகிறது. புல்லின் உயிரணுக்களுக்கு இடையே வாழும் எபிக்லோவே என்னும் பூஞ்சை, பூச்சியை விரட்டும் பொருள்களை உண்டாக்குகிறது. அது விதை வழியே அடுத்த தலைமுறைக்கும் செல்லும். அதன் சில வகைகள் மேயும் கால்நடைக்கு நஞ்சாவதால், திடலுக்கு ஏற்ற புல் மேய்ச்சலுக்கு ஏற்காது. நியூசிலாந்தில் கால்நடைக்குத் தீங்கு குறைந்த பூஞ்சை வகைகள் தேர்ந்தெடுக்கப்பட்டு மேய்ச்சல் புல்லில் சேர்க்கப்பட்டுள்ளன.

செஞ்சி வட்டாரம்

செஞ்சி, 2025 ஆம் ஆண்டு சூலையில் மராத்தியப் படைத்துறை நிலக்காட்சிகளின் ஒரு பகுதியாக உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்த மலைக்கோட்டை நகரம். இராசகிரியின் அடிவாரத்தில் கல்யாண மகாலுக்கு அருகே பழைய நெற்களஞ்சியங்கள் இன்றும் நிற்கின்றன. 1690 முதல் 1698 வரை முகலாயப் படையின் முற்றுகையைத் தாங்கிய கோட்டைக்குச் சேமித்த நெல் உயிர்நாடி. சேமிப்பில் நெல்லை அழிக்கும் அந்துப்பூச்சிக்கும் வண்டுக்கும் எதிராகவும் வகைக்கு வகை வேறுபாடு உண்டு. உமி இடைவெளியின்றி இறுக மூடிய நெல்லில் இவை எளிதில் புகுவதில்லை.

ஏரியும் கிணறும் கொண்டு பாசனம் செய்யும் இவ்வட்டாரத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பருவங்களில் நெல் பயிராகிறது. கிணறு உள்ளவர் ஒரு பருவத்தை அறுக்கும்போது பக்கத்து வயலில் அடுத்த பருவ நாற்று நிற்கும். புகையானுக்கு உணவு அறுபடுவதில்லை. இத்தகைய இடத்திற்கு எதிர்ப்பு வகைகள் மிகவும் தேவை. பி.ஒய். 3, கோ. 42 ஆகியன வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் புகையான் எதிர்ப்புப் பரிந்துரையில் இடம்பெற்றவை.

ஆனால் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திற்கு நெல் மூட்டை கொண்டுவரும் உழவருக்கு விலையைத் தீர்மானிப்பது பூச்சியன்று, அரிசியின் சன்னமே. பொன்னி, பாபட்லா போன்ற சன்ன அரிசி வகைகளை வணிகர் விரும்பி வாங்குகின்றனர். பாபட்லா என்று வழங்கும் பி.பி.டி. 5204, 1986 ஆம் ஆண்டில் ஆந்திரத்தில் வெளியான சம்பா மசூரி. வெள்ளைப் பொன்னி, மலேசியாவின் மசூரியிலிருந்து கோயம்புத்தூரில் தேர்ந்தெடுக்கப்பட்டது. சுவையிலும் விலையிலும் சிறந்த இவ்விரண்டும் புகையானுக்கு எளிதில் இரையாவன. எதிர்ப்பு உடைய பல வகைகளின் அரிசி தடித்தது அல்லது சிவந்தது. எனவே உழவர் அறியாமையால் எளிதில் தாக்குறும் வகையை நடுகிறார் எனக் கூறுவது பொருந்தாது. மருந்துச் செலவையும் விலை வேறுபாட்டையும் எடைபோட்டே அவர் முடிவெடுக்கிறார். புகையான் மிகுந்த ஆண்டில் அக்கணக்கு தவறிவிடுகிறது; அந்த இழப்பு முழுவதும் அவருடையதே.

சன்ன அரிசியின் இயல்பை விடாமல் அதில் எதிர்ப்பு மரபணுக்களைப் புகுத்துவதே இதற்குத் தீர்வாக ஆய்வாளர் முயல்வது. அதுவரை, எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நட்டுக் காற்றும் வெளிச்சமும் அடித்தண்டு வரை செல்லச் செய்தல், தழைச்சத்தை ஒரே முறையில் இடாமல் பிரித்து இடுதல், நீரை அவ்வப்போது வடித்துவிடுதல், செயற்கைப் பைரித்ராய்டு போன்ற மறுபெருக்கம் உண்டாக்கும் மருந்துகளைத் தவிர்த்தல் ஆகியவை பரிந்துரைக்கப்படுகின்றன. பயிரின் தூரை விலக்கி அடித்தண்டைப் பார்ப்பது இவை அனைத்திற்கும் முன் செய்ய வேண்டியதாகும். வரப்பில் நின்று பார்ப்பவருக்குப் புகையான் தெரிவதில்லை.

இவ்வட்டாரத்தின் மற்றொரு முதன்மைப் பயிர் நிலக்கடலை. அருகில் உள்ள திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. 2, 1940 ஆம் ஆண்டில் வெளியாகி நாடெங்கும் பரவியது. நிலக்கடலையில் சுருள்பூச்சி, சிவப்புக் கம்பளிப்புழு ஆகியவற்றுக்கு நெல்லில் கண்டது போன்ற வலிய எதிர்ப்பு பயிரிடப்படும் வகைகளில் கிடைக்கவில்லை. காட்டு நிலக்கடலை இனங்களில் அது உள்ளது. எனினும் பயிர் நிலக்கடலையின் குரோமோசோம் எண்ணிக்கை 40, காட்டினங்கள் பெரும்பாலானவற்றுக்கு 20 என்பதால் நேரடிக் கலப்பு எளிதன்று. முதல் மழைக்குப் பின் மண்ணிலிருந்து வெளிவரும் கம்பளிப்புழுவின் அந்துகளை விளக்குப்பொறி வைத்துப் பிடிப்பதும், வயலைச் சுற்றிப் பள்ளம் வெட்டிப் புழுக்களின் இடப்பெயர்ச்சியைத் தடுப்பதுமே அங்கு கைகொடுக்கின்றன.